வயதாகாத எண்ணெய்

ஆறு பாட்டில் அனுப்பியிருந்தோம். ஏழு திரும்பி வந்திருந்தது.

குளிர்காலத்தின் நடுப்பகுதி. டெல்லி ஓக்லாவில் இருந்த எங்கள் பரிசோதனைக் கூடத்தின் ஜன்னலில் எதிர்க் கட்டடமே தெரியாத அளவுக்குப் புகைமூட்டம். காலை பத்து மணிக்கும் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. கூரியரில் வந்த அட்டைப்பெட்டியை மேஜைமேல் வைத்துப் பிரித்தேன்.

ஆறும் எங்களுடைய பிளாஸ்டிக் பாட்டில்கள். ஒன்று முதல் ஆறு வரை லேபிள் ஒட்டி, நாங்கள் எண்ணெய் சோதித்துக் கொடுக்கும் ஒரு ஃபாக்டரியின் ஃபிட்டர் முருகேசனின் கையெழுத்தோடு வந்திருந்தன. ஏழாவது, பழுப்புக் கண்ணாடியில் ஒரு இருமல் மருந்து பாட்டில். வாயில் பாலிதீன் தாளைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. காயத்துக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்திரியில், பால்பாயின்ட் பேனாவால் ஹிந்தியில் ஒரே ஒரு எண். நாலு.

முருகேசன் அனுப்பிய நாலாம் நம்பர் பாட்டிலும் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். தேன் நிறம். பாட்டிலின் மறுபக்கம் இருந்த என் விரல்கள் தெரிந்தன. பிறகு மருந்து பாட்டிலின் நூலை அவிழ்த்தேன். அடிப்பிடித்த பாத்திரத்தை ஊறவைத்த மாதிரி ஒரு நாற்றம். கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு விட்டதும், தட்டுக்குக் கீழே வைத்திருந்த வெள்ளைத் தாள் அந்த இடத்தில் மறைந்துபோனது. அவ்வளவு கறுப்பு.

இரண்டும் ஒரே மெஷினிலிருந்து எடுத்ததாகச் சொல்லிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருந்தன.

“எந்த எண்ணெய்டி பார்க்கிறே?”

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் கரோல் பாக் வீட்டைப் பற்றி எழுதியதைப் படித்த வாசகர் ஒருவர், “அதெல்லாம் சரி, நீங்கள் பார்த்த வேலைதான் என்ன?” என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் அம்மாவுக்கே கடைசிவரை அது புரியவில்லை; “எந்த எண்ணெய்டி பார்க்கிறே?” என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. கரோல் பாக்கிலிருந்து லோதி ரோடுக்கு பஸ்ஸில் போய் வந்தே ரிட்டையர் ஆனவர். நான் புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் படித்து, கல்லூரியில் கெமிஸ்ட்ரி முடித்து, “எண்ணெய் டெஸ்ட் பண்ற வேலை கிடைச்சிருக்கு” என்று சொன்னதும் அம்மா எதிர் ஃபிளாட் மாமியிடம் போய்ச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை மாமி ஒரு டம்ளர் நல்லெண்ணெயோடு வாசலில் நின்றாள்.

“கலப்படமான்னு பாத்துச் சொல்லுடி. கடைக்காரன் முழியே சரியில்லே.”

நான் பார்த்தது மெஷின் எண்ணெய். பெரிய கியர் பெட்டிகளிலும், எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரஸ்களிலும் ஓடுகிற எண்ணெய். மெஷினைப் பிரிக்காமல், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சின்ன பாட்டில் அளவுக்கு எண்ணெய் எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். அதன் பிசுபிசுப்பு குறைந்திருக்கிறதா, அமிலம் ஏறியிருக்கிறதா, தண்ணீர் கலந்திருக்கிறதா, உலோகத் துகள்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, உள்ளே எது தேய்கிறது என்று சொல்லவேண்டும். ரத்தப் பரிசோதனை மாதிரி என்று எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த ஒப்பீடு பிடிக்காது. ரத்தம் கொடுப்பவருக்கு வாய் இருக்கிறது.

சூடான தட்டில் ஒரு சொட்டு விடுவது எனக்குப் பிடித்த சோதனை. தண்ணீர் இல்லாவிட்டால் சொட்டு பேசாமல் பரவும். இருந்தால் கடுகு மாதிரி படபடக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் தாளிக்கும்போதுகூட என் கை ஒரு நொடி நின்றுவிடும்.

ஓடுகிற மெஷினின் எண்ணெய்க்கு வயதாகும். நல்ல மெஷினாக இருந்தால் மெதுவாக ஆகும். ஆனால் ஆகும். மாதாமாதம் நிறம் ஒரு இழை கூடும், அமிலம் ஒரு புள்ளி ஏறும்.

ஐந்து மாத ரிப்போர்ட்

அந்தக் காலையில் நாலாம் நம்பரின் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பரப்பினேன். ஐந்து மாதம். ஐந்திலும் ஒரே எண்கள். புள்ளிக்குப் பின்னால் வருகிற எண்கள்கூட ஏறக்குறைய மாறவில்லை. பக்கத்தில் ஓடிய மற்ற ஐந்து பிரஸ்களும் வயதாகிக்கொண்டே போக, இது மட்டும் பிறந்த நாளிலேயே நின்றிருந்தது.

அதுவரை நான் இதைக் கவனிக்கவில்லை என்று எழுதினால் பொய். மூன்றாவது மாதமே கண்ணில் பட்டது. ‘பரவாயில்லையே, இதை மட்டும் நல்லா வெச்சிருக்காங்க’ என்று நினைத்தேன். ‘நார்மல்’ என்று கையெழுத்துப் போட்டேன். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

மருந்து பாட்டிலை முழுச் சோதனைக்கு உட்படுத்தினேன். தட்டில் சொட்டு வெடித்துத் தெறித்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கறுப்புக்கு நடுவே பொன் நிறத்தில் மெல்லிய செதில்கள். வெண்கலம். பம்புக்குள் ஏதோ உரிந்துகொண்டிருந்தது.

எங்கள் கூடத்தின் முதலாளி பாட்டியா சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“தேக்கோ, இங்க பாரு கல்யாணி,” என்றார், கண்ணாடியைக் கழற்றியபடி. “யாரோ டேங்கின் அடியிலிருந்து பிடிச்சிருக்காங்க. அடியில எடுத்தா எந்த எண்ணெயும் சேறாத்தான் இருக்கும். மருந்து பாட்டில் வேற. இதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது.”

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் முருகேசனுக்கு ஃபோன் செய்தேன்.

முருகேசனைக் குரலாக மட்டும்தான் தெரியும். பூர்வீகம் விருத்தாசலம் பக்கம், பிறந்தது டெல்லியில். மாதம் ஒரு தடவை, “மேடம், பாட்டில் அனுப்பிட்டேன், பாத்துக்கோங்க” என்று பேசுவார். தமிழில் பேச ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம் அந்தக் குரலில் இருக்கும்.

“முருகேசன், இந்தத் தடவை ஏழு பாட்டில் வந்திருக்கு.”

“ஏழா? நான் ஆறுதான் மேடம் வெச்சேன்.”

“நாலாம் நம்பர் ரெண்டு இருக்கு. ஒண்ணு உங்களுது. இன்னொண்ணு கன்னங்கரேல்னு இருக்கு.”

மறுமுனையில் மெஷின்களின் இரைச்சல் குறைந்தது; ஃபோனோடு வெளியே போயிருந்தார்.

“உங்க நாலாம் நம்பர் எண்ணெய்க்கு அஞ்சு மாசமா வயசே ஆகலை முருகேசன். எங்கேயிருந்து எடுக்கிறீங்க?”

“மேடம், அந்த மெஷின்ல ஒரு ஆள் செத்துட்டாரு. உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது. எங்களுக்குப் பாட்டில்கள்தான் வரும். செய்திகள் வராது.

“ராம்சரண்னு ஒருத்தர். பத்து வருஷமா நாலாம் நம்பர்ல நின்னவர். அச்சைத் துடைக்கக் குனிஞ்சாரு, மேலேருந்து இரும்புப் பலகை இறங்கிடுச்சு. அவரே பெடலை மிதிச்சிட்டாருன்னு எழுதிட்டாங்க. என்கொயரியில உங்க ரிப்போர்ட்டைத்தான் மேடம் காமிச்சாங்க. மெஷின் நார்மல்னு.”

அவர் சொன்ன கணக்குப்படி, அது மூன்றாவது மாத ரிப்போர்ட்டுக்கு நாலு நாள் கழித்து நடந்தது.

“நீங்க வாங்க மேடம்,” என்றார் முருகேசன். “மத்தியானம் ஒரு மணிக்கு வாங்க. மோட்டார் நின்னப்புறம்தான் அது தெரியும்.”

மத்தியானம்

எண்ணெய் எடுக்கும் முறையைச் சரிபார்க்க நாங்கள் எப்போதாவது நேரில் போவது உண்டு. அந்தச் சாக்கில் போனேன். மெட்ரோவில் கடைசி வரை போய், அங்கிருந்து ஈ-ரிக்‌ஷா. நகரத்தின் வடமேற்கு ஓரம். ரப்பர் வாஷர்களும் வளையங்களும் அச்சில் அழுத்திச் செய்கிற நடுத்தரமான ஃபாக்டரி.

முருகேசன் வாசல் கேட்டுக்கே வந்துவிட்டார். நான் நினைத்ததைவிட ஒல்லி. மஃப்ளருக்குள் முகம் பாதி மறைந்திருந்தது.

ஒரு மணிக்கு சைரன் ஊதியது. மெயின் சுவிட்சை இறக்கினார்கள். ஆட்கள் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வெளியே போனார்கள். புகைமூட்டத்தில் வெட்டவெளியில், ஈரத் தரையில் அட்டையைப் போட்டு உட்கார்ந்தார்கள். உள்ளே பிரஸ்கள் இன்னும் கணகணவென்று சூடாக இருந்தன. டெல்லிக் குளிரில் அந்தச் சூட்டை விட்டுவிட்டு எவனாவது வெளியே போவானா?

“முன்னேயெல்லாம் மெஷின் பக்கத்துல உக்காந்துதான் சாப்பிடுவாங்க,” என்றார் முருகேசன். “ரொட்டியை அதுமேலேயே வெச்சு சூடு பண்ணுவாங்க. இப்ப ஒருத்தரும் இருக்கிறதில்லை.”

மெஷின் கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். நாலாம் நம்பர் சுவரோரமாக இருந்தது. மற்றவை போலத்தான்: மேலே கனமான இரும்புப் பலகை, அதைப் பிடித்திருக்கும் பளபளவென்ற எஃகுத் தண்டு, கீழே அச்சு. பலகை மேலேயே நின்றிருந்தது.

“இருங்க மேடம். பேசாதீங்க.”

முதலில் ஒன்றுமில்லை. சூடான இரும்பு ஆறும்போது வருகிற டிக் டிக் மட்டும்.

பிறகு அது கேட்டது. தூக்கத்தில் ஒருவர் விடுகிற நீண்ட மூச்சு மாதிரி. நின்றது. மறுபடி வந்தது. மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை, ஆள் இல்லை. எஃகுத் தண்டில் கூரை ஜன்னலின் வெளிச்சம் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்டு நீண்டது. பலகை இறங்கிக்கொண்டிருந்தது, கண்ணால் பிடிக்கமுடியாத அளவுக்கு மெதுவாக. வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால்தான் தெரியும்.

எனக்கு அதன் காரணம் தெரியும். பலகையைத் தாங்குவது எண்ணெய். அந்த எண்ணெயை அடைத்து வைப்பது ஒரு வால்வு. அதன் வாயில் துகள் ஏதாவது மாட்டினால் எண்ணெய் கசியும், பலகை இப்படி மெதுவாக இறங்கும்; வாய் மூடவே முடியாதபடி மாட்டினால் ஒரே நொடியில் விழும். இதைப் பற்றி நான் வகுப்பே எடுத்திருக்கிறேன். ஆனாலும் முருகேசனின் கையை எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை.

“ராம்சரண்தான்கிறாங்க,” என்றார் அவர் கிசுகிசுப்பாக. “அவர்தான் மூச்சு விடுறாராம்.”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“அவர் இருக்கும்போதே இது மூச்சு விட்டுது மேடம். அவரே எங்கிட்ட சொன்னாரு. பாரு தம்பி, மூச்சு விடுதுன்னாரு. மெஷினை நிறுத்தி எண்ணெய் எடுக்கணும்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். எண்ணெய் எடுக்கிற குழாய் அடைச்சிருந்தது, சரிபண்ண ஒரு மணி நேரம் நிறுத்தணும். ஆர்டர் இருக்கு, ஜல்தி, புது எண்ணெய் டிரம்முலேருந்து ரொப்பி அனுப்புன்னாரு. ஒரு மாசம்தானேன்னு ரொப்பினேன், அப்புறம் அதுவே வழக்கமாயிடுச்சு.” மஃப்ளரால் வாயை மூடிக்கொண்டார். “அவர் செத்தப்புறம் கிட்ட வரவே முடியலை. அப்புறமும் டிரம்முலேருந்துதான் ரொப்பினேன்.”

பலகை அச்சின்மேல் வந்து உட்கார்ந்தது. சத்தமே இல்லை.

குனிந்தான், நிமிர்ந்தான்

இரண்டு மணிக்கு மறுபடி சைரன். மோட்டார்கள் உறுமின. நாலாம் நம்பருக்கு இப்போது ராகேஷ் என்று ஒரு ஆள் இருந்தான். முப்பது வயது இருக்கும். வந்தான், நெற்றியில் கையை வைத்து மெஷினைக் கும்பிட்டான், லீவரை இழுத்தான். பலகை மேலே போயிற்று. துணியை எடுத்துக்கொண்டு உள்ளே தலையை விட்டான்.

“ருகோ! நில்லு!” என்று கத்திவிட்டேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். சிரித்தான். மறுபடி குனிந்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. துடைத்தான், நிமிர்ந்தான், ரப்பரை வைத்தான், பெடலை மிதித்து அழுத்தினான், எடுத்தான். மறுபடி குனிந்தான். ஒன்றுமே நடக்காததுதான் எனக்குத் தாங்கவில்லை. சரியான முறையில் எண்ணெய் பிடிக்க வேண்டும் என்றால் அது ஓடிச் சூடாக வேண்டும். காத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவன் பின்னங்கழுத்தைப் பார்த்தேன். காலையில் சவரம் செய்திருந்தான் போல, சின்ன வெட்டு ஒன்று இருந்தது.

பதினோரு தடவை எண்ணினேன். பன்னிரண்டாவது தடவை அவன் துணியை எடுத்தபோது முருகேசன் என் பக்கத்தில் இல்லை. சுவரோரம் ஓடிப்போய் நாலாம் நம்பரின் சுவிட்சை இறக்கிவிட்டிருந்தார். ஒரு மரக்கட்டையைத் தூக்கிவந்து பலகைக்கும் அச்சுக்கும் நடுவே முட்டுக் கொடுத்தார்.

சூப்பர்வைசர், பைத்தியமா என்று கத்திக்கொண்டே வந்தார். “பாகல் ஹோ கயா கியா?”

முருகேசன் ஹிந்தியில், கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “இந்த மெஷினிலிருந்து நான் எண்ணெயே எடுக்கலை. அஞ்சு மாசமா டிரம்மிலிருந்து ரொப்பினேன். நீங்க சொல்லித்தான் ரொப்பினேன். ராம்சரண் பெடலை மிதிக்கலை.”

ஒவ்வொரு மெஷினாக ஆட்கள் நிறுத்தினார்கள். யாரும் அவர்களை நிறுத்தச் சொல்லவில்லை.

அந்த நிசப்தத்தில் முருகேசன் குழாயின் அடைப்பை எடுத்துத் திறந்தார். பாட்டிலை நான்தான் பிடித்தேன். வந்தது சூடாக, கறுப்பாக இருந்தது. டேங்கின் அடியில் எடுத்ததல்ல. நடுவிலிருந்து வந்ததற்கே அந்த நிறம்.

கேட்டைத் தாண்டும்போது ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். பேக்கிங் பிரிவின் நீலக் கோட்டு.

“தீதி,” என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டாள். “மருந்து பாட்டில் நான் வெச்சது.”

பெயர் சுனிதா. ராம்சரணின் மனைவி. அவர் போனபிறகு அதே ஃபாக்டரியில் அவளுக்கு வேலை கொடுத்திருந்தார்கள். முருகேசன் டிரம்மிலிருந்து பாட்டிலை நிரப்புவதை அவள் பார்த்திருக்கிறாள்.

“எல்லா மெஷினிலிருந்தும் எடுக்கிறாங்க, அவரோட மெஷினிலிருந்து மட்டும் ஏன் எடுக்கலைன்னு தோணிச்சு. சாப்பாட்டு நேரத்துல உள்ளே போனேன். கீழே ஒரு திருகு இருந்தது, திறந்தேன். அனுப்பினா யாராவது பார்ப்பாங்கன்னு நினைச்சேன்.”

“அந்த நேரத்திலா? அது இறங்கிட்டிருக்குமே. பயமா இல்லையா?”

“இருந்தது,” என்றாள். “அவர்னு எல்லாரும் சொல்றாங்களே. அதனால உக்காந்து கேட்டேன். அவர் இல்லை. அவர் குறட்டை வேற மாதிரி.”

கடிதம்

ஃபாக்டரிக்கும் அரசாங்க ஃபாக்டரி இன்ஸ்பெக்டருக்கும் எழுதிய ஒரு கடிதத்தை பாட்டியா சாரின் மேஜையில் வைத்தேன். நாலாம் நம்பர் என்று வந்த ஐந்து மாதிரிகளும் ஓடுகிற மெஷினிலிருந்து எடுத்தவையாக இருக்கமுடியாது. எங்கள் ஐந்து ரிப்போர்ட்டையும் திரும்பப் பெறுகிறோம். இதை மூன்றாவது மாதமே நாங்கள் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

“கடைசி வரி எதுக்கு?” என்றார். “பாட்டிலில் வந்ததைச் சோதிச்சோம். அதுக்குமேல நம்ம பொறுப்பு இல்லை. ரிப்போர்ட்டின் அடியிலேயே அப்படித்தானே அச்சடிச்சிருக்கு?”

“அடிச்சிருக்கு சார்.”

“இதை அனுப்பினா நாளைக்கு எவன் நமக்கு பாட்டில் அனுப்புவான்?”

“அனுப்பாட்டி, இனிமே நான் நார்மல்னு எழுதினா அதுக்கு என்ன அர்த்தம் சார்?”

டீ வந்தது. அவர் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தேன். “அச்சா, சரி,” என்றார் கடைசியில். கடைசி வரியை அடிக்கவில்லை. என் கையெழுத்துக்கு மேலே தன் கையெழுத்தையும் போட்டார்.

அந்த ஃபாக்டரி அதன்பிறகு எங்களுக்கு பாட்டில் அனுப்பவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து வால்வைப் பிரிக்கவைத்தார். ராம்சரணின் ஃபைலில் ‘கவனக்குறைவு’ என்று இருந்ததை அடித்து ‘இயந்திரக் கோளாறு’ என்று எழுதினார்கள். முருகேசன் வாக்குமூலம் கொடுத்தார், வேலை போயிற்று. கேஸ் இன்னும் நடக்கிறது. அதில் அவர் பெயரும் இருக்கிறது, சூப்பர்வைசர் பெயரும் இருக்கிறது. எப்போதாவது ஃபோன் செய்வார். “பாத்துக்கோங்க மேடம்” என்று இப்போது சொல்வதில்லை.

குளிர் விட்ட பிறகு ஒருநாள் சுனிதா எங்கள் கூடத்துக்கு வந்தாள். வால்வின் வாயில் மாட்டியிருந்ததைப் பார்க்கவேண்டும் என்றாள். அதைச் சோதிக்க எங்களிடம்தான் அனுப்பியிருந்தார்கள். மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கொடுத்தேன். எள்ளைவிடச் சின்ன ஒரு வெண்கலச் செதில். ஒரு ஓரம் நசுங்கியிருந்தது.

ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணை எடுக்காமலே கேட்டாள், “இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

எழுந்தாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு திரும்பியவள் சுவர் முழுக்க இருந்த அலமாரியைப் பார்த்து நின்றுவிட்டாள். அன்றைக்குச் சோதிக்கவேண்டிய பாட்டில்கள். பொன் நிறம், பழுப்பு, கறுப்பு. குறைந்தது இருநூறு இருக்கும்.

“இதெல்லாம் மெஷினா தீதி?”

“ஆமாம். ஒரு பாட்டிலுக்கு ஒரு மெஷின்.”

அவள் மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை மெதுவாகப் பார்த்தாள்.

“ஒவ்வொண்ணு கிட்டேயும் ஒரு ஆள் நிக்கிறாரா?”

“நிக்கிறாங்க,” என்றேன். “இப்போ, இந்த நேரத்துல நின்னுட்டிருக்காங்க.”

அவள் போனதும் கதவைச் சாத்தினேன். முதல் தட்டில் முதல் பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திறக்கும்முன், அதனருகே நிற்கிற ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்று லேபிளில் பார்த்தேன். அதுவரை நான் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை.